பங்களா கோஸ்

"இல்லப்பா, கீரையெல்லாம் ஒண்ணும் குடுக்கல" என்று தரணி சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது. ஆகட்டும். கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று, பொய்யும் சொல்லவில்லை, கொடுக்கவில்லை என்றால் கொடுக்கவில்லைதான், பிறகு எதற்கு உள்ளங்கை இப்படி ஈரமாகிறது, மார்கழிக் குளிரில் யாருக்காவது வேர்க்குமா, போனைச் சட்டைப் பைக்குள் போட்டான், உடனே எடுத்துப் பார்த்தான், சிக்னல் இரண்டு கோடு இருந்தது. வீட்டுக்குள் ஒரு கோடும் கிடையாது. கரிமட்டம் காலனியில் கடைசி வரிசையில் கடைசி வீடு, பின்பக்கத் தோட்டத்தில் தண்ணீர் டிரம் இருக்கிற மூலையில் நின்றால்தான் கோத்தகிரி டவர் எட்டும், அதனால் அப்பாவும் அம்மாவும் கிளம்பிப் போனதிலிருந்து அவன் இந்த மூலையை விட்டு நகரவில்லை, இந்த மூலையில்தான் அந்தச் செடிகளும் நிற்கின்றன, முழங்காலுக்கு மேல் வளர்ந்து, நீலம் கலந்த பச்சையில், அகல அகலமான இலைகளோடு, எல்லாம் அவனையே பார்த்துக்கொண்டு. டாக்டர் கேக்கறார்றா, அப்பா இப்படித்தான் ஆரம்பித்தார், உங்கம்மாளுக்குக் கீரை ஏதாச்சும் ஆக்கிப் போட்டியா, ரத்தம் கெட்டியாயிருச்சாமா, நல்லா யோசிச்சுச் சொல்லு. யோசிக்க என்ன இருக்கிறது. விடியுமுன் அம்மா காபி டம்ளரை நீட்டினாள், அவன் வாங்குவதற்கு முன்னாலேயே விட்டுவிட்டாள். டம்ளர் உருண்டதைப் பார்த்துச் சிரித்தாள், சிரிப்பு வாயின் ஒரு பக்கத்தில் மட்டும் வந்தது, "தர... தர..." என்றாள், அவன் பெயரைப் பாதி வரைக்கும் கொண்டுவந்துவிட்டு மீதிக்கு வழி தெரியாமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது, கை மரத்துப்போச்சு அவ்வளவுதான் என்று அவளே முழுசாகச் சொன்னாள், ஆனால் அதற்குள் அப்பா சாவியை எடுத்துவிட்டார். தேயிலை ஃபேக்டரிக்கு இலை ஏற்றுகிற வண்டி, அந்த வண்டியிலேயே அம்மாவை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூருக்கு இறங்கிவிட்டார், ஆடி மாசம் அவளுக்கு நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றினார்களே, அதே ஆஸ்பத்திரிக்கு. நானும் வர்றேன் என்று தரணி கதவைப் பிடித்தான். "நீ வந்து என்னத்தக் கிழிக்கப்போற, வீட்டப் பாத்துக்க, போனைக் கையிலயே வெச்சிரு" என்றார் அப்பா. கையிலேயேதான் வைத்திருக்கிறான்.

கை சும்மா இருந்தால் தலை சும்மா இருக்காது என்று புழு எடுக்க உட்கார்ந்தான். ஒவ்வோர் இலையாகத் திருப்ப வேண்டும், முதுகுப் பக்கத்து நரம்போடு நரம்பாகப் பச்சைப் புழு படுத்திருக்கும், பார்த்தால் நரம்பு, தொட்டால் புழு, நசுக்க அவனுக்குப் பிடிக்காது, சோப்புத் தண்ணீர் டப்பாவில் தட்டிவிடுவான். கீரை கொடுக்கவில்லை. கீரை என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாதா, சிறுகீரை, அரைக்கீரை, பாலக்கு, முருங்கை, அதெல்லாம் கீரை. ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா அம்மாவின் கட்டில் பக்கத்தில் நின்று மலையாளம் கலந்த தமிழில் மூன்று தடவை சொன்னது, கீரை மட்டும் வேண்டா கேட்டோ, உள்ளே இரும்பு வால்வு வைத்திருக்கிறது, அதில் ரத்தம் ஒட்டாமல் இருக்கத்தான் மாத்திரை, கீரை போனால் மாத்திரை வேலை செய்யாது, ரத்தம் கட்டி மூளைக்குப் போகும். அம்மா அதை எப்படிப் பிடித்துக்கொண்டாள் என்றால் அதற்குப் பிறகு ரசத்தில் மிதக்கிற கொத்தமல்லியைக்கூட ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டு ஓரத்தில் ஒட்டிவைத்தாள், கறிவேப்பிலையைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல், பக்கத்து வீட்டில் முருங்கைக்கீரை வதக்கினால் அந்த வாசனை மூக்கில் போனாலும் ரத்தம் கெட்டியாகுமா என்று கேட்டாள். அப்படிப்பட்டவளுக்கு அவன் கீரை கொடுப்பானா. இது கோஸ். கோஸ் காய் வகை. மார்க்கெட்டில் காய்க்காரனிடம்தான் கோஸ் இருக்கும், கீரைக்காரம்மாவிடம் இருக்காது, சந்தேகமிருந்தால் யாரும் போய்ப் பார்க்கலாம். விதையைக் கொண்டுவந்ததே ஜெசிந்தா அக்காதான், நாலு வீடு தள்ளி இருக்கிறது, மேல்ரோட்டுப் பங்களாவில் கூட்டித் துடைக்கிற வேலை, அங்கே குடியிருந்த வெள்ளைக்காரத் தம்பதி காலி பண்ணிக்கொண்டு போனபோது சமையலறை அலமாரியில் விட்டுப்போன பொட்டலம், ஈரத்தில் ஊறி எழுத்தெல்லாம் கரைந்து பச்சையாக ஒரு படம் மட்டும் மிச்சம். "இந்தாடா, பள்ளிக்கூடத்துக்கும் போறதில்ல, மண்ணையாச்சும் கிண்டு, இது வெள்ளைக்காரங்க கோஸு, ஃபுட்பால் சைஸு வரும்" என்று அது கொடுத்தது. ஊகந்தான், ஆனால் முளைத்து நாலு இலை விட்டபோது சாட்சாத் கோஸ் நாற்றுதான், யார் பார்த்தாலும் கோஸ் என்றுதான் சொன்னார்கள், பங்களாவிலிருந்து வந்ததால் பங்களா கோஸ். பெயரே அதுதான். பெயரிலேயே கோஸ் இருக்கிறது. ஒரு புழுவைத் தட்டினான், அது டப்பாவுக்கு வெளியே விழுந்து சுருண்டது, தேடினான், காணோம்.

ஆனால் தலை கட்டவில்லை. அதுதான். கோஸ் என்றால் ஒரு நாளில் நடு இலைகள் உள்ளே மடங்கி, ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு உருண்டு வர வேண்டும், கீழ்த் தோட்டத்தில் எல்லோருடையதும் அப்படித்தான் உருண்டது, இது மட்டும் மேலே மேலே போனது, அடி இலையை ஒடித்தால் தண்டு நீளும், மேலே இன்னும் இரண்டு விரியும், மறுபடி ஒடித்தால் மறுபடி நீளும், இப்போது ஒவ்வொன்றும் தழும்பு தழும்பாகக் குட்டித் தென்னை மாதிரி நிற்கிறது. எருவைக் கூட்டிப் பார்த்தான், எருவைக் குறைத்துப் பார்த்தான், நடு இலைகளை வாழைநாரால் சேர்த்துக் கட்டிக்கூடப் பார்த்தான், அவிழ்த்ததும் அவை கையை விரித்துவிட்டன. அப்பா ஒரு நாள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் வேலியோரம் நின்று பார்த்தார், "உன்ற கோஸும் தலை கட்டாது, நீயும் தலையெடுக்க மாட்ட" என்றார், சொல்லிவிட்டு அவருக்கே அது பிடித்துப்போய் ஃபேக்டரியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார், வண்டியில் லோடு ஏற்றுகிறவர்கள் அவனைப் பார்த்தால் தலை எப்படிப்பா இருக்கு என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். பிளஸ் ஒன்னில் பாதியில் நின்றவனை வேறு என்ன கேட்பார்கள். அம்மாவுக்கு ஆப்பரேஷன், பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதனால் பையன் நின்றுவிட்டான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள், அது உண்மையில்லை, அதற்கு முன்னாலேயே அவனுக்கு அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் வாந்தி வருகிற மாதிரி இருந்தது, கிளாஸில் சார் பேசுவது காதில் விழும், அர்த்தம் வாசலிலேயே நின்றுகொள்ளும், ஆப்பரேஷன் ஒரு சாக்கு, அம்மாவின் நெஞ்சைப் பிளந்தது அவனுக்குச் சாக்காகிப்போனது, இதை யாரிடம் சொல்வது. தை பொறக்கட்டும், அதுவரைக்கும் பாக்கறேன், அப்புறம் திருப்பூர்தான், உங்க சித்தப்பன்கிட்டச் சொல்லியாச்சு, பனியன் கம்பெனியில நூல் பிரிச்சாத்தான் புத்தி வரும், இது அப்பா. தை பிறக்க இன்னும் எத்தனை நாள் என்று எண்ணப் பார்த்தான், எண்ண முடியவில்லை, போனைப் பார்த்தான், ஒரு கோடுதான் காட்டியது, எழுந்து டிரம்மின் மேல் முழங்கையை ஊன்றிப் போனைத் தூக்கிப் பிடித்தான், இரண்டு.

முதல் தடவை ஒடித்தது கார்த்திகை தீபத்துக்கு முன்னாலா பின்னாலா. முன்னால்தான். தலை வராத எரிச்சலில் இலையை ஒடித்து வீசப்போனவனை அம்மா தடுத்தாள், "ஏஞ்சாமி வீசற, தலை இல்லாட்டி என்ன, ஓலை நல்லாத்தான இருக்குது, கொண்டா இங்க" என்றாள், பொடிசாக அரிந்து கடலைப்பருப்பும் தேங்காயும் போட்டுப் பொரியல் பண்ணினாள், தண்டை மட்டும் தனியாக முன்னாலேயே வேகவிட வேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். அப்பா வாயில் வைத்துவிட்டு மாடு திங்கறது என்று தள்ளிவிட்டார். அம்மா தின்றாள். அவன் வைத்த செடியில் அவன் ஒடித்த இலையை, தட்டு வழித்துத் தின்றாள், அவன் செய்த ஏதோ ஒன்று ஒருத்தருக்கு உதவுகிறது என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோய்விட்டது, அதற்குப் பிறகு நாள் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்தான், அவள் கேட்காத நாளிலும். உறைபனி விழுந்த பிறகு இலைக்கு ஒரு தித்திப்பு வந்தது, ராத்திரி வெள்ளையாக விறைத்து நின்ற இலை வெயில் பட்டதும் பழையபடி தொங்கும், அதை அரிந்தால் சர்க்கரை போட்ட மாதிரி இருக்கிறது என்று அம்மா இன்னும் ஒரு கை கூடப் போட்டுக்கொண்டாள். அப்புறம் ஒரு நாள் பருப்போடு வேகவைத்து மத்தால் கடைந்தாள். சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து ஒரு வாய் போட்டவள் கண்ணை மூடிக்கொண்டாள், "எத்தன நாளாச்சுடா, அப்படியே கீரை மாதிரியே இருக்குது" என்றாள். கீரை மாதிரியே. அவன் அன்றைக்குச் சிரித்தான். இப்போது அந்த 'மாதிரி' என்கிற வார்த்தை இலைக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற பூச்சியைப்போல் விரலில் ஒட்டுகிறது, உதறினால் போகவில்லை, மாதிரி என்றால் அது இல்லை, இது வேறு, அதனால்தானே மாதிரி, கீரை கீரை மாதிரி இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா, சொல்ல மாட்டார்கள், அப்படியானால் இது கீரை இல்லை, சரி, கீரை இல்லையென்றால் ரத்தம் ஏன் கெட்டியானது. மாத்திரை தவறவில்லை. மாத்திரையை எடுத்துக் கொடுப்பதே அவன்தான், ராத்திரி சாப்பிட்டதும் தண்ணீரோடு கொண்டுபோய் நிற்பான், அவள் விழுங்குகிற வரைக்கும் நகர மாட்டான். புரட்டாசியில் ரத்தம் பார்த்தபோது எல்லாம் கச்சிதமாக இருந்தது. அதற்கப்புறம் வீட்டில் புதிதாக வந்தது என்ன. என்ன வந்தது சொல்லு. புழுவுக்குத் தூவச் சாம்பல் எடுக்கலாம் என்று வீட்டுக்குள் போனான், போனவன் அடுப்பு முன்னால் நின்றுவிட்டான். சத்தம் இல்லை. ஆடியிலிருந்து இந்த வீட்டில் ஒரு சத்தம் உண்டு, அம்மாவின் நெஞ்சுக்குள்ளிருந்து டிக் டிக்கென்று, அந்த இரும்பு வால்வு திறந்து மூடுகிற சத்தம், விருந்தாளிகள் சுவரில் கடிகாரத்தைத் தேடுவார்கள், அம்மா புடவையை இழுத்து மூடிக்கொண்டு சிரிப்பாள், முதலில் அதைக் கேட்காமலிருக்க அவன் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொள்வான், அப்புறம் அது இல்லாமல் தூக்கம் வராது என்றாகிவிட்டது. இப்போது வீடு காதைப் பொத்திக்கொண்டு கிடந்தது. சாம்பலை எடுக்காமல் வெளியே ஓடிவந்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா அக்கா. வேலைக்குப் போகிற அவசரத்தில் தலைக்கு ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டே நின்றது, "என்னடா, வண்டிச் சத்தம் விடியறதுக்கு முன்னயே கேட்டுச்சு, உங்கப்பனுக்கு அதுக்குள்ள இலை எங்க கெடச்சுது?" என்றது. அம்மாவுக்குச் செக்கப் என்று சொன்னான். செக்கப்தானே, அதுவும் பொய்யில்லை, இன்றைக்கு எத்தனை பொய்யில்லாத பொய். "வசந்தாக்காவுக்கா? நேத்துகூட நல்லாத்தான இருந்தாங்க. ரெண்டு ஓலை ஒடிச்சுக் குடுடா, முயலுக்குப் போடறேன்." அவன் ஒடிக்கவில்லை. ஏதோ சும்மா கேட்கிற மாதிரி, தண்டைத் தடவிக்கொண்டே, "அக்கா, இது கோஸா, கீரையா?" என்று கேட்டான். அது அவனை ஒரு தினுசாகப் பார்த்தது. "வேலைக்குப் போற நேரத்துல என்னடா கேள்வி?" "சும்மா சொல்லுக்கா." "விதை குடுத்த அன்னிக்குக் கோஸுன்னேன். இதுல கோஸ் எங்கடா இருக்கு, நீயே தேடு. உருண்டு வந்தாக் கோஸு, வெறும் தழையா நின்னாக் கீரை, இதுக்குப் போய்ப் பரிச்சை வெக்கற. பிளஸ் ஒன் பெயிலு!" "பெயில் இல்ல, நின்னுட்டேன்." "ரெண்டும் ஒண்ணுதாண்டா, உன்ற கோஸு மாதிரி" என்று சிரித்துக்கொண்டே அது மேல்ரோட்டுப் படியேறிவிட்டது. அதற்கு ஒன்றும் தெரியாது, விளையாட்டுக்குத்தான் சொன்னது, விளையாட்டுக்குச் சொன்னதால்தான் அந்தச் சொல் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்தது. இந்த ஊரில் இலை என்றால் தேயிலை, அப்பாவின் வண்டியில் போவது, விற்பது. கீரை என்றால் கீரைக்காரம்மா கட்டுக்கட்டி விற்பது. காய் என்றால் உருண்டோ நீண்டோ இருப்பது. இது மூன்றிலும் இல்லை, அதனால் நர்ஸம்மா போட்ட வேலியில் ஓட்டை விழுந்து இது உள்ளே வந்துவிட்டது, காட்டெருமை, பூட்டின கேட்டை விட்டுவிட்டுத் தோட்டத்தில் வேலியில்லாத பக்கமாக நுழைகிற மாதிரி, அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டவன் யார், தட்டில் கொண்டுபோய் வைத்தவன் யார், கேட்காத நாளிலும் கொடுத்தவன் யார். கொத்தமல்லியைப் பொறுக்கிப் பொறுக்கி ஓரம் வைத்துவிட்டு அம்மா அந்தத் தட்டிலேயே இதைக் குவித்து வைத்துக்கொண்டு தின்றாள். அவன் எதிரில் உட்கார்ந்து பார்த்தான். அப்பாவுக்குக் கூப்பிடலாமா. கூப்பிட்டு என்னவென்று சொல்வது, இல்லை என்று சொன்னேனே அது இல்லை என்றா. பெயரை அழுத்தினான், பச்சைப் பொத்தானைத் தொடுவதற்குள் விரல் விலகிவிட்டது. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது, அதற்கு முழு உருவம் வருவதற்குள் பக்கத்துச் செடியின் இலைகளை மளமளவென்று திருப்பினான், புழு இல்லை, புழு இல்லை, புழு இல்லை.

போன் அதிர்ந்தது. அம்மா. அம்மாவின் சொந்த நம்பர். எடுத்தான், அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள், ரகசியக் குரலில், ஆஸ்பத்திரி பாத்ரூமிலிருந்துபோல் எதிரொலித்தது. "சாமி, நான் நல்லாத்தான் இருக்கறேன், ஊசி போட்டுருக்காங்க, கை நல்லா வேலை செய்யுது, இப்ப போன் புடிச்சிருக்கறதே அந்தக் கைதான். நான் சொல்றதக் கேளு. டாக்டரு கேக்கக் கேக்க எனக்கு வெளங்கிருச்சு." என்னம்மா வெளங்குச்சு என்றான், தெரிந்துகொண்டே. "அதேதான். நம்ம பங்களா கோஸு. பக்கத்துப் பெட்டுக்காரம்மா கோஸே ஆகாதுங்குது, அது ஓலையா வேற இருந்தாச் சொல்லணுமா. நான் வாயத் தொறக்கல. கீரையத் தொட்டதே இல்லைன்னுட்டேன். உங்கப்பனும் பக்கத்துல நின்னு ஆமாங்கறாரு." ஏம்மா சொல்லல. "சொன்னா யாரு மேல விழும்? அந்த மனுசன் வாயி உனக்குத் தெரியாதா, படிக்கத் துப்பில்ல, பெத்தவளக் கொல்லப் பாத்தவன்னு நீ சாகற வரைக்கும் சொல்லுவாரு, இன்னிக்கு ராத்திரியே திருப்பூர் பஸ்ஸுல ஏத்திருவாரு. இப்ப என்ன ஆயிருச்சு, மாத்திரையக் கூட்டி எழுதறாங்களாம், கூட்டட்டும், நானும் அதத் திங்கறத விட்டுர்றேன், ரெண்டும் சேந்தா ரெண்டு மடங்கு வேகமாச் சரியாப்போயிரும். நீ என்ன பண்ற, நாங்க வர்றதுக்குள்ள அத்தனையும் ஒண்ணு விடாமப் பிடுங்கி ஓடையில போட்டுரு. பனியில கருகிருச்சுன்னு நான் சொல்லிக்கறேன். யாரு கேட்டாலும் நீ வாயத் தொறக்காத. கேக்குதா? எஞ்சாமியில்ல?" "அம்மா" என்றான். "உங்கப்பா வர்றாரு" என்றாள். கட்.

அவ்வளவு சுலபம். ஓடை இதோ, பத்தடி இறக்கத்தில், காலனிக் குப்பை எல்லாம் அங்கேதான் போகிறது. நிம்மதி வந்தது, வந்ததை மறைக்க வேண்டியதில்லை, யாருக்கும் தெரியாது, அம்மா வாய் திறக்க மாட்டாள், அவன் செய்தது இல்லாமலே போய்விடும். ஒரு செடியின் அடித்தண்டைப் பிடித்தான், ரெண்டு மடங்கு வேகமாக, அம்மா சொன்னது உள்ளே திரும்பத் திரும்பச் சுற்றியது, ரெண்டும் சேர்ந்தால் ரெண்டு மடங்கு. எட்டாம் வகுப்பு ஸ்போர்ட்ஸ் டேயில் கயிறு இழுத்தார்கள், இந்தப் பக்கம் அவன் கடைசி ஆள், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றான், தோற்கப்போகிறார்கள் என்று சார் இரண்டு தடியன்களை இந்தப் பக்கம் கூடச் சேர்த்துவிட்டார், அதே நேரத்தில் அந்தப் பக்கத்துக்காரர்கள் வம்புக்கென்று கயிற்றை விட்டுவிட்டார்கள். அத்தனை பேரும் மல்லாக்க. பின்மண்டையில் கல் பட்டு அவனுக்குத் தையல். இந்தப் பக்கம் மாத்திரை இழுக்கிறது, அந்தப் பக்கம் இலை இழுக்கிறது, டாக்டருக்கு இலை தெரியாது, மாத்திரைக்கு வலு போதவில்லை என்று நினைத்து ஆள் சேர்க்கிறார், அதே நேரத்தில் அம்மா இலையை விட்டுவிடப் போகிறாள். அப்புறம் ரத்தம் தண்ணீராகும். ரத்தம் தண்ணீரானால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், ஆப்பரேஷன் முடிந்து வந்த புதிதில் மாத்திரை கூடிப்போய் அம்மா பல் தேய்த்தால் வாஷ்பேசின் சிவந்தது, தலையணையில் மூக்கிலிருந்து வடிந்த கறை, கட்டில் மூலை லேசாக உரசின இடத்தில் தொடையெல்லாம் நாவல்பழத்தை நசுக்கின மாதிரி நீலம், தலைக்குள்ள இப்படிக் கசிஞ்சா ஆள் கெடைக்க மாட்டாங்க என்று சொல்லித்தான் மாத்திரையைக் குறைத்தார்கள், பாதியாக உடைத்துக் கொடுக்கச் சொன்னார்கள், உடைத்தவன் அவன்தான், கத்தியை வைத்து நடுக்கோட்டில், பிசகாமல். ஆறு வருஷம் கணக்கு ஏறவில்லை என்று பெஞ்சு மேல் நின்றவனுக்கு இந்தக் கணக்கு ஏன் இப்படிப் பளிச்சென்று வருகிறது. வராமல் இருந்திருக்கலாம். அம்மாவுக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், கூப்பிட்டான், ஸ்விட்ச் ஆஃப். அவள் அப்படித்தான், முடிவு பண்ணிவிட்டால் கதவைச் சாத்திவிடுவாள். சொன்னால் கேட்கவும் மாட்டாள், டேய் எனக்கு ஒண்ணும் ஆகாதுடா என்பாள், ஆகாது ஆகாது என்றேதான் டம்ளரைக் கீழே போட்டாள். அப்படியானால் பிடுங்காமல் இருந்தால் போதுமா, அவள் தினமும் தின்றுகொண்டே இருந்தால் கயிறு சமமாக நிற்குமா, தெரியவில்லை, அது தெரிந்தவர் அங்கே பேனாவோடு நிற்கிறார், அவருக்கு இது தெரியாது, இது தெரிந்தவன் இங்கே டிரம் பக்கத்தில் நிற்கிறான், இரண்டுக்கும் நடுவில் அப்பா. கொல்லப் பாத்தவன். அந்த வார்த்தையை அப்பாவின் குரலில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான், அப்புறம் சித்தப்பாவின் குரலில், லோடுமேன்களின் குரலில், எல்லோருக்கும் அது நன்றாகப் பொருந்தியது. தண்டைப் பிடித்த கை அப்படியே இருந்தது. இலையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டு வந்து நின்றது, ஒட்டாமல், நனைக்காமல்.

மறுபடி போன், அப்பா. "டேய், டாக்டரு விட மாட்டேங்கறாருடா. ரெண்டு மாசத்துல இவ்வளவு எப்படி மாறும், மாத்திரையக் கூட்டறதுக்கு முன்ன இன்னொருவாட்டி வீட்டுல கேளுங்கறாரு. நாட்டு மருந்து, கஷாயம், பச்சை டீ, கீரை, எதாச்சும்?" பின்னால் அம்மாவின் குரல் கேட்டது, நல்ல தெளிவாக, எந்த எழுத்தும் விழாமல், "அவன எதுக்குங்க கேட்டுட்டு, கொழந்தைக்கு என்ன தெரியும், போனை வைங்க, பசிக்குது எனக்கு" என்று. அப்பா, "இருடி" என்றார். அப்புறம், "என்றா பேச்சக் காணோம், இருக்கறயா?" தரணி போனைக் காதோடு அழுத்தினான். இருக்கேன்பா. "இருக்கறேன்னா பதில் சொல்லு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு, எழுதிக் குடுக்கட்டும், ஃபேக்டரியில வண்டிய வேற கேட்டுட்டே இருக்கானுவ." நாக்கில் ஒரு 'இல்லை' தயாராகவே இருந்தது, காலையில் ஒரு தடவை சொல்லிப் பழகினது, வாயைத் திறந்தால் தானாக விழுந்துவிடும். "அப்பா, போனை டாக்டர்கிட்டக் குடு." "எதுக்கு?" "குடுப்பா." "என்கிட்டச் சொல்றா மொதல்ல, என்ன பண்ணித் தொலச்ச?" "உன்கிட்ட அப்புறம் சொல்றேன், வந்து அடி, திருப்பூருக்கு அனுப்பு, எங்க வேணாலும் அனுப்பு, இப்பக் குடு" என்று கத்தினான், மேல்ரோட்டுக்கே கேட்டிருக்கும். அந்தப் பக்கம் அம்மா வேண்டாங்க வேண்டாங்க என்பதும் செருப்புச் சத்தமும் கேட்டன, அப்புறம் புதுக் குரல் ஒன்று, அவசரமில்லாத குரல், "சொல்லுப்பா" என்றது. அவன் சொன்னான். கார்த்திகைக்கு முன்னாலிருந்து, தினமும், ஒரு பெரிய கை நிறைய, பனி விழுந்த பிறகு இன்னும் கொஞ்சம் கூட, பொரியலாகவும் கடைந்தும், நான்தான் நட்டேன் சார், நான்தான் ஒடிச்சுக் குடுத்தேன், அம்மாவுக்குத் தெரியாது. என்ன செடி என்றார் டாக்டர். "பங்களா கோஸுன்னு சொல்லுவோம் சார்" என்றான், சொல்லி நிறுத்தினான். "கோஸ் இல்ல சார். கீரைதான்." தண்டைப் பிடித்திருந்த கையை அப்போதுதான் எடுத்தான். சுற்றிலும் அத்தனையும் வேரோடு நின்றன. ஒன்று விடாமல் பிடுங்கி ஓடையில் போட்டுவிட்டு, யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள்.